சோதனையில் தேறிய கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் மின்னணுக் கோப்பு சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதை, எழுத்துப்பிழை பார்க்கும் வேலை என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைக்கிறார்கள். கோப்பை வேலிடேட்டர் என்ற சோதனை மென்பொருளில் ஏற்ற வேண்டும், பச்சை நிறத்தில் ‘பாஸ்’ என்று வரவேண்டும், வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் பரிவர்த்தனைகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறேன். அந்தப் பச்சை நிறம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இராமநாதபுரம், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் போகிறவர்கள் பலர். அவர்களில் சிலர் திருமணத்துக்குப் பிறகோ, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே சோதனைப் பணிக்கு மாறியிருக்கிறார்கள். நான் மண்டபத்தில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்வது தெரிந்து தொலைபேசியில் கேட்கிறார்கள். பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வியில்தான் இந்தப் பதிவின் தலைப்பு இருக்கிறது (அதில் வரும் 999, கோப்பின் இலக்கணம் சரியா என்று பெறுகிறவர் அனுப்பும் மின்னணுப் பதில்; க்ளெய்ம் என்பது சிகிச்சைக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும் மனு): “அக்கா, வேலிடேட்டர்ல எல்லாம் பாஸ்னு காட்டுது. 999-ம் நல்லபடியா வந்துடுச்சு. அப்புறமும் ஏன்க்கா திருப்பி அனுப்புறாங்க?” நான் சொன்னேன்: “தம்பி, திருப்புனது யாருன்னு முதல்ல பாரு. 999 குடுத்தவங்க வேற, க்ளெய்மைப் படிக்கிறவங்க வேற.”

அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-இல் நிறைவேறியது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் என்றே பெரும்பாலோர் அதை அறிந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவம் வைத்திருந்த நிலையை மாற்றி, நாடு முழுவதும் ஒரே வடிவத்தில் மின்னணுப் பரிவர்த்தனை நடக்க வேண்டும் என்று சொன்னதும் அதே சட்டந்தான். அதற்கான விதி 2000 ஆகஸ்டில் வெளியானது; காலக்கெடு நீட்டிக்கப்பட்டு 2003 அக்டோபர் 16 ஆனது. கெடுவை நீட்டித்துக் கொடுத்த சட்டம், அவகாசம் கேட்கும் நிறுவனங்கள் 2003 ஏப்ரல் 16-க்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் கூடவே நிபந்தனை வைத்தது. பிறகு 5010 என்ற பதிப்பு 2012 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பல நிறுவனங்கள் ஆயத்தமாக இல்லாததால் அந்த ஆண்டு ஜூன் 30 வரை நடவடிக்கை எடுப்பதை அரசு நிறுத்திவைத்தது. இன்றும் நாங்கள் சோதிப்பது அந்த 5010 பதிப்பைத்தான். க்ளெய்முக்கு 837, பணம் கொடுத்த விவரத்துக்கு 835, காப்பீடு செல்லுபடியாகுமா என்று கேட்க 270, அதற்குப் பதிலாக 271, க்ளெய்மின் நிலையைக் கேட்க 276, அதற்குப் பதில் 277, முன் அனுமதிக்கு 278, உறுப்பினர் சேர்க்கைக்கு 834, பிரீமியத்துக்கு 820 என்று எண்களாலேயே இவற்றை அழைக்கிறோம்.

சோதனையை ஏழு வகைகளாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஸ்னிப் வகைகள் என்பது தொழிலில் வழங்கும் பெயர். முதல் இரண்டு வகைகள் கோப்பின் இலக்கணத்தையும், ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி நூல் கட்டாயமாகக் கேட்கும் எலிமென்ட்கள், அதாவது தனித்தனித் தகவல் துண்டுகள், இருக்கின்றனவா என்பதையும் பார்க்கின்றன. ஐஎஸ்ஏ என்ற முதல் செக்மென்ட் (பல எலிமென்ட்கள் சேர்ந்த ஒரு வரி) முடிவுக்குறியையும் சேர்த்துச் சரியாக 106 எழுத்து இருக்க வேண்டும், அனுப்புகிறவர் அடையாளம் 15 எழுத்தை நிரப்ப வேண்டும், அடையாளம் சிறியதாக இருந்தால் மீதியை வெற்றிடமாக விட வேண்டும் என்பன போன்ற விதிகள் இதில் அடங்கும். இவற்றை மென்பொருள் குறையின்றிப் பார்த்துவிடும். மனிதர் நேரம் செலவிடத் தேவையில்லை.

ஆயினும் இந்த எளிய மட்டத்திலேயே பச்சை நிறத்தின் எல்லை தெரிந்துவிடுகிறது. மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் தரப்படும் என்பிஐ என்ற பத்து இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி இலக்கம் மற்ற ஒன்பதிலிருந்து கணக்கிடப்படுவது. 123456789 என்ற ஒன்பது இலக்கங்களில் வலப்புறத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 9, 7, 5, 3, 1 ஆகியவற்றை இரட்டித்தால் 18, 14, 10, 6, 2 வரும். அவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 23. இரட்டிக்காத 8, 6, 4, 2 சேர்ந்தால் 20. எண்ணுக்கு முன்னால் 80840 என்ற முன்னொட்டு இருப்பதாகக் கொள்வதால் அதற்காக 24 சேர்க்க வேண்டும். மொத்தம் 67. அடுத்த பத்தின் மடங்கான 70-க்கு 3 குறைகிறது. ஆக, கடைசி இலக்கம் 3, முழு எண் 1234567893. வேலிடேட்டர் இதைப் பார்த்து ‘சரி’ என்கிறது. எண்ணின் கட்டமைப்பு சரி என்பதுதான் அதன் பொருள். அந்த எண் யாருக்காவது வழங்கப்பட்டிருக்கிறதா, வழங்கப்பட்டவர் அந்தச் சிகிச்சையைச் செய்யத் தக்கவரா, பணம் கேட்கும் மருத்துவமனையோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்பவற்றை அது பார்க்கவே இல்லை. கற்பனைத் தரவு உருவாக்குகிறவர்கள் எல்லாரும் கணக்குக்குப் பொருந்தும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து அதையே எல்லாக் கோப்புகளிலும் போட்டுவிடுவதால், பணம் கேட்பவரும் சிகிச்சை அளித்தவரும் ஒரே எண்ணோடு வருகிறார்கள். இருவரும் வேறுவேறாக இருக்கும்போது நடக்க வேண்டிய எதுவும் சோதிக்கப்படுவதில்லை.

உண்மையான கடினம் நான்காம் வகையில், ‘சூழலைப் பொறுத்துத் தேவை’ என்று குறிக்கப்பட்ட எலிமென்ட்களில் இருக்கிறது. வழிகாட்டி நூலில் இவை இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று, இன்ன சூழலில் கட்டாயம் வேண்டும், மற்றபடி அனுப்புகிறவர் விருப்பம். இன்னொன்று, இன்ன சூழலில் கட்டாயம் வேண்டும், அந்தச் சூழல் இல்லையென்றால் அனுப்பவே கூடாது. இரண்டாவது விதத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ‘இருக்க வேண்டியது இருக்கிறதா’ என்று பார்க்கிறார்களே தவிர, ‘இருக்கக் கூடாதது இருக்கிறதா’ என்று பார்ப்பதில்லை. சிகிச்சை அளித்தவர் பணம் கேட்பவரிலிருந்து வேறுபட்டவராக இருந்தால் மட்டுமே அவருக்குரிய தனி லூப்பை (தொடர்புடைய செக்மென்ட்களின் தொகுதியை) அனுப்ப வேண்டும். இருவரும் ஒருவரே என்றால் அதை அனுப்பக் கூடாது. அதேபோல, குடும்பத்தின் காப்பீட்டில் சேர்ந்திருக்கும் மகளுக்குத் தனி உறுப்பினர் எண் கொடுக்கப்பட்டிருந்தால், அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் க்ளெய்மில் அவளே சந்தாதாரராகக் கருதப்படுவாள். தனியாக நோயாளி லூப் அங்கே வரக் கூடாது. மகள் நோயாளி, தந்தை சந்தாதாரர் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றுவதால், எதிர்பார்க்கும் விடையையே தவறாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு சரியான கோப்பைப் பிழை என்று குறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போனால், நிபந்தனையே கோப்புக்கு வெளியில் இருக்கும். விபத்து நாளைக் குறிப்பிடும் செக்மென்டைப் பாருங்கள். க்ளெய்மின் காரணக் குறியீட்டில் வாகன விபத்து என்றோ வேறு விபத்து என்றோ போட்டிருந்தால் விபத்து நாள் கட்டாயம். இதை மென்பொருள் பார்த்துவிடும், ஏனென்றால் நிபந்தனையும் விளைவும் ஒரே கோப்பில் இருக்கின்றன. வேலை தொடர்பானது என்ற குறியீடு இருந்தாலோ, அந்தக் க்ளெய்ம் ஒரு விபத்தின் விளைவாக எழுந்தது என்றால் மட்டுமே நாள் கட்டாயம். பல ஆண்டு கனமான பெட்டி தூக்கியதால் வந்த முதுகுவலியா, ஏணியிலிருந்து விழுந்ததால் வந்த முதுகுவலியா என்பதை எந்த வேலிடேட்டரும் அறிய முடியாது. அது மருத்துவர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பு எங்களிடம் இல்லை. ஆகவே மென்பொருள் இந்த விதியைத் தொடாமல் விட்டுவிட்டுப் பச்சை காட்டுகிறது. சோதிப்பவர் செய்யக்கூடியது, மருத்துவமனையின் மென்பொருளில் அந்தத் தகவலைக் கேட்கும் கட்டம் இருக்கிறதா, அதை நிரப்பினால் கோப்பில் வந்து சேர்கிறதா, நிரப்பாவிட்டால் யாராவது கேள்வி எழுப்புகிறார்களா என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான். சட்டத்துக்கு உட்பட்டிருத்தல் என்பது கோப்பின் குணம் மட்டும் அல்ல. கோப்பு உருவான வழியின் குணமும் ஆகும். இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்பும் ஒன்று இது. கோப்பை மட்டும் கொடுத்து, இது சட்டப்படி சரியா என்று சான்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் இதை நான் ஒவ்வொரு முறையும் எழுத்திலேயே தெரிவித்துவிடுகிறேன்.

மூன்றாம் வகையான கணக்கு ஒப்புதல், 835 கோப்பில் மிக முக்கியமானது. ஒரு க்ளெய்மில் கேட்ட தொகை 250 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொகைக்கு மேற்பட்டது என்று 90 டாலரை சிஓ 45 குறியீட்டில் கழிக்கிறார்கள், மீதமுள்ள 160-இல் நோயாளியின் பங்கு 20 சதவீதம் என்பதால் 32 டாலரை பிஆர் 2 குறியீட்டில் கழிக்கிறார்கள், கொடுத்தது 128. கேட்டதிலிருந்து கழிவுகளைக் கழித்தால் கொடுத்தது வர வேண்டும், வருகிறது. சேவை வரி, க்ளெய்ம், முழுப் பரிவர்த்தனை ஆகிய மூன்று மட்டங்களிலும் இந்தக் கணக்கு நேராக வேண்டும். மூன்றாவது மட்டத்தில்தான் பிஎல்பி என்ற செக்மென்ட் வருகிறது. க்ளெய்மோடு ஒட்டாத வரவு செலவுகளை அது சுமக்கிறது. எல்லாக் க்ளெய்ம்களுக்கும் கொடுத்த தொகையைக் கூட்டி, பிஎல்பி தொகையைக் கழித்தால், வங்கிக்குப் போகும் தொகை வர வேண்டும். இங்கே குறி தலைகீழாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்: பிஎல்பியில் நேர்மத் தொகை என்றால் கொடுக்கும் பணம் குறைகிறது, எதிர்மத் தொகை என்றால் கூடுகிறது.

இதை எங்கள் ஊர் இளைஞர்களுக்கு விளக்க நான் பயன்படுத்துவது நண்டு வியாபாரியின் கணக்கு. மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ வலை வாங்குவதற்காக வியாபாரியிடம் முன்பணம் பெற்ற படகுக்காரருக்கு, ஒவ்வொரு நாள் பிடித்துவந்த நண்டுக்கும் விலை போட்டு, அதில் முன்பணத்துக்கு ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். நண்டின் விலை க்ளெய்ம். முன்பணப் பிடித்தம் பிஎல்பி. கைக்கு வருவது வங்கித் தொகை. ஒருநாள் பிடித்த நண்டு முன்னர் கொடுத்த கூடுதல் பணத்துக்கே போதவில்லை என்றால் அன்று கையில் எதுவும் வராது, பாக்கி நோட்டில் ஏறி அடுத்த நாள் கணக்கில் வரும். 835-இலும் இதுவே நடக்கிறது. முன்பு கொடுத்த க்ளெய்மைத் திருத்தித் திரும்பப் பெறும்போது, அன்றைய க்ளெய்ம்களின் கூட்டல் எதிர்மம் 80 டாலர் என்று வந்துவிடலாம். வங்கித் தொகை பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே எஃப்பி என்ற குறியீட்டில் எதிர்மம் 80 என்று ஒரு பிஎல்பி எழுதிக் கணக்கைப் பூச்சியத்தில் நிறுத்துகிறார்கள். அடுத்த கோப்பில் அதே 80 நேர்மமாக வந்து கழிய வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு கோப்புகளும் தனித்தனியே பார்த்தால் கணக்கு நேராகவே இருக்கும். முதல் கோப்பில் 80 என்று எழுதிவிட்டு, இரண்டாவது கோப்பில் அந்தக் கழிவை எழுதவே மறந்துவிட்டாலும், இரண்டாவது கோப்பு தன்னளவில் சரியாகக் கூடி நிற்கும். வேலிடேட்டர் இரண்டுக்கும் பச்சை காட்டும். நான் சோதித்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளில் நிலுவைத் தொகை இப்படித்தான் இரண்டாவது கோப்பில் காணாமல் போனது. கோப்புகளை வரிசையாக அடுக்கி நிலுவையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடரும் சோதனை எழுதியபோதுதான் அது வெளிப்பட்டது. ஒற்றைக் கோப்பைச் சோதிக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதை மாற்ற வேண்டும். பணம் ஒரு கோப்பில் ஓடுவதில்லை, கோப்புகளின் தொடரில் ஓடுகிறது.

அடுத்தது தரவு. மனச்சாட்சியோடு வேலை செய்கிறவருக்கு இதைவிடக் கனமான பிரச்சினை இல்லை. உண்மையான நோயாளிகளின் கோப்பைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. அடையாளத்தை நீக்கிப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இரண்டு வழி தருகிறது. முதல் வழியில் பெயர், முகவரி, உறுப்பினர் எண் முதலிய 18 வகை அடையாளங்களை நீக்க வேண்டும்; நாள்களில் ஆண்டை மட்டுமே வைத்துக்கொள்ளலாம்; 89 வயதைக் கடந்தவர்களின் வயதை 90-உம் அதற்கு மேலும் என்று ஒரே தொகுப்பில் அடக்க வேண்டும்; அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைக்கூட, அவை குறிக்கும் பகுதியின் மக்கள்தொகை 20,000-க்கு மேல் இருந்தால்தான் வைக்கலாம். இரண்டாவது வழியில், மீண்டும் அடையாளம் காணும் வாய்ப்பு மிகக் குறைவு என்று புள்ளியியல் அறிந்த வல்லுநர் ஒருவர் ஆய்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வழியில் கிடைக்கும் தரவு சோதனைக்கு அநேகமாகப் பயன்படாது. மருத்துவக் காப்பீட்டின் விதிகளில் பெரும்பகுதி நாள்களைச் சார்ந்தது. ஐசிடி-10 நோய்க் குறியீடுகள் 2015 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, புறநோயாளி க்ளெய்முக்குச் சிகிச்சை நாளும், உள்நோயாளி க்ளெய்முக்கு வீடு திரும்பிய நாளும் எந்தக் குறியீட்டுத் தொகுதி என்பதைத் தீர்மானித்தன. ஒரே க்ளெய்மில் இரண்டையும் கலக்கக் கூடாது. செப்டம்பர் 29-இல் சேர்ந்து அக்டோபர் 2-இல் வீடு திரும்பியவரின் க்ளெய்ம் முழுவதும் புதிய குறியீட்டில் வர வேண்டும். ஆண்டை மட்டும் விட்டுவைத்த தரவில் இந்த நோயாளி இல்லை. இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும் குறியீட்டுப் பட்டியல் புதுப்பிக்கப்படுவதால், இந்த எல்லைக்கோட்டுச் சோதனை ஆண்டுதோறும் திரும்ப வருகிறது. எனவே கற்பனை நோயாளிகளை நாமே படைக்க வேண்டியிருக்கிறது. பிறந்த நாள், பாலினம், காப்பீடு தொடங்கிய நாள், சேர்ந்த நாள், திரும்பிய நாள், நோய், சிகிச்சை, தொகை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஒரு முழு வாழ்க்கையையே எழுத வேண்டியிருக்கிறது. இதற்குத் திட்டத்தில் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஒதுக்காததன் விளைவாகத்தான், அவசரத்தில் உண்மைக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து “இதை வைத்துச் சீக்கிரம் பாருங்கள்” என்று அனுப்பும் பழக்கம் வளர்கிறது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு கோப்பு வந்தது. நாங்கள் அதைத் திறந்து வேலை செய்யாமல், உடனே எழுத்தில் தெரிவித்து, அழித்ததற்கும் பதிவு வைத்தோம். பிழை இரண்டு நாள் தாமதமாகத் திருத்தப்பட்டது என்று அவர்களுக்கு வருத்தம். எங்கோ ஓர் ஊரில் தன் நோயை மருத்துவரிடம் மட்டும் சொன்னதாக நம்பியிருக்கும் ஒருவரின் வாழ்க்கை மண்டபத்தில் ஒரு வீட்டு மேசையில் விரிந்து கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

கற்பனைத் தரவு எழுதுவதில் நம்மவர்களுக்கு ஓர் இயல்பான பலம் உண்டு. அமெரிக்கச் சோதனைக் குழுக்கள் எழுதும் பெயர்கள் முன்பெயர், குடும்பப்பெயர் என்று ஒழுங்காக இரண்டு சொற்களில் வரும். நம் வீடுகளில் தந்தை பெயரின் முதலெழுத்தும் ஒரே பெயரும் மட்டும் உள்ளவர்கள்தாம் மிகுதி. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா போய்ச் சிக்கிக்கொண்ட உறவினர் பல குடும்பங்களில் இருப்பார். 5010 வழிகாட்டி நூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: நபருக்கு முன்பெயர் இருந்தால்தான் முன்பெயர் எலிமென்ட் கட்டாயம், கடைசிப் பெயர் மட்டும் இருந்தால் போதும். ஆனால் இதைப் பெற்றுக்கொள்ளும் மென்பொருள்கள் முன்பெயர் காலியாக இருந்தால் க்ளெய்மைத் தள்ளிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஒற்றைப் பெயர், இணைப்புக்கோடு உள்ள பெயர், மேற்கோள் குறி உள்ள பெயர், முப்பது எழுத்தைத் தாண்டும் பெயர், தரவுக்குள்ளேயே பிரிப்புக்குறியாகப் பயன்படும் நட்சத்திரக் குறி வந்துவிட்ட முகவரி ஆகியவற்றை என் தரவுத் தொகுப்பில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு திரும்புவதற்கு இன்னொரு காரணம், ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தனியாக வெளியிடும் கம்பேனியன் கைடு. பொது வழிகாட்டி நூல் இடம் கொடுக்கும் இடங்களில் தங்கள் தேர்வைச் சொல்வதற்காக அது இருக்கிறது. ஆனால் வர்த்தகக் கூட்டாளிகளின் ஒப்பந்தம் எந்த எலிமென்டின் பொருளையும் பயன்பாட்டையும் மாற்றக் கூடாது, பொது நூலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது என்று குறித்ததைப் பயன்படுத்தச் சொல்லக் கூடாது என்று விதி தெளிவாகத் தடுக்கிறது. பொது வடிவில் இருக்கிறது என்பதற்காக ஒரு பரிவர்த்தனையைத் தள்ளவோ தாமதிக்கவோ காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை இல்லை. அப்படியிருந்தும், ‘அனுப்பக் கூடாது’ என்று பொது நூல் சொல்வதை ‘அனுப்பினால்தான் ஏற்போம்’ என்று கேட்கும் கைடுகள் உலவுகின்றன. சோதிப்பவர் இங்கே இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார்: சட்டப்படி அனுப்பினால் மருத்துவமனைக்குப் பணம் வராது, கேட்டபடி அனுப்பினால் சட்டத்தை மீறிய கோப்பு. நான் இரண்டு முடிவையும் தனித்தனிச் சோதனையாகப் பதிவு செய்து, பொது நூலின் எந்தக் குறிப்போடு கைடின் எந்த வரி மோதுகிறது என்று எழுதி, தீர்மானிக்க வேண்டியவரிடம் அனுப்பிவிடுவேன். அதை நானே மௌனமாகச் சரிக்கட்டிவிடுவது எளிது; ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது அந்தச் சரிக்கட்டல் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பதில்களையும் படிநிலையாகப் படிக்க வேண்டும். கோப்பைச் சுற்றியிருக்கும் உறை (அனுப்புகிறவர், பெறுகிறவர் விவரம்) சரியா என்பதற்கு டிஏ1, இலக்கணம் சரியா என்பதற்கு 999, க்ளெய்ம் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதா என்பதற்கு 277சிஏ, பணம் உண்டா என்பதற்கு 835. பெரியபட்டினத்துத் தம்பியின் கோப்பு 999-ஐத் தாண்டி 277சிஏ-வில் நின்றிருந்தது. உறுப்பினர் எண் அந்த நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் இல்லை என்பதுதான் காரணம். சோதனைத் தளங்களில் உறுப்பினர் பட்டியல் பழையதாக இருப்பது எங்கும் காணும் நிலை. எந்தெந்த உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்காமல் சோதனையைத் தொடங்கக் கூடாது.

நேரம் பற்றி ஒரு சொல். 270 கேள்வியை அந்த நொடியிலேயே அனுப்பினால் 20 நொடிக்குள் 271 பதில் வரவேண்டும், ஒரு மாதத்தின் கேள்விகளில் 90 சதவீதத்துக்காவது அப்படி வந்திருக்க வேண்டும் என்பது, இந்தப் பரிவர்த்தனைகளை நடத்தும் முறைக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் கோர் இயக்க விதிகளில் ஒன்று. இதை இங்கிருந்து விபிஎன் வழியாக அளந்தால், கச்சான் காற்று வலுக்கும் மாதங்களில் எங்கள் இணைப்பின் தடுமாற்றமும் அந்த 20 நொடியில் சேர்ந்துவிடும். அளந்தது காப்பீட்டு நிறுவனத்தின் வேகமா, மண்டபத்து இணைய வேகமா என்று சொல்ல முடியாது. கேள்வி புறப்படும் சர்வரிலேயே நேரமுத்திரை எடுக்க வேண்டும், இங்கிருந்து முடிவைப் படிக்க மட்டும் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவப் பதிவுகளை மின்னணு மயமாக்கும் இந்திய அரசின் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா என்ற மருத்துவ அடையாள எண் வந்துவிட்டது. காப்பீட்டுக் க்ளெய்ம்களை ஒரே வழியில் பரிமாறுவதற்கான தேசியப் பரிமாற்றகத்தை ஃபயர் என்ற புதிய தரத்தின் மேல் கட்டியிருக்கிறார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் நிறைவேறியிருக்கிறது. வடிவம் வேறு, சட்டம் வேறு, ஆனால் சூழல் விதிகளும், கோப்புகளின் தொடரும், கற்பனை நோயாளிகளின் தேவையும் இங்கேயும் அப்படியே இருக்கும். அந்தக் கற்பனை நோயாளிகளை நம் கடற்கரையை அறிந்தவர்கள் எழுத வேண்டும். பிறப்புச் சான்று இல்லாததால் ஜனவரி 1 என்று பிறந்த நாள் பதியப்பட்ட மூதாட்டி. ஆதாரில் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்ட மீனவர். வீடு முழுவதற்கும் ஒரே கைப்பேசி எண், அதுவும் வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் பெயரில் இருக்கும் குடும்பம். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் பின்னாலும் மாறி மாறி வரும் பெண். இந்த நால்வரையும் தாங்காத மென்பொருள் இராமநாதபுரத்து அரசு மருத்துவமனை வாசலில் ஒருவரை வரிசையிலிருந்து திருப்பி அனுப்பிவிடும்.

இத்தகைய தரவு வகைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைப் பதிவு மேசையிலோ காப்பீட்டுப் பிரிவிலோ பில்லிங்கிலோ வேலை செய்கிறவர்கள், பதியும்போது மென்பொருள் ஏற்க மறுத்த விவரம் எப்படிப்பட்டது என்று எழுதி அனுப்புங்கள். உண்மையான ஒருவரின் பெயரோ எண்ணோ வேண்டாம். எந்தக் கட்டம், என்ன வகை விவரம், திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது என்ற மூன்றும் இருந்தால் போதும்.